பகலில் வைத்தியர், இரவில் வானியல் ஆர்வலர்: ஹைன்ரிச் ஓல்பர்ஸ்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறையில் இருக்கும் நாம் மேடைக்கு வந்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்ப்பீர்கள். அவை பேசப்பட வேண்டியவைதான். வருடத்தில் எத்தனையோ முறை பேசியும் வருகிறோம். நூற்றாண்டு விழா என்பது ஒருமுறை வருவது. ஆகவே இன்று எமது தொழிலைச் சேர்ந்த, ஆனால் தொழிலால் அறியப்படாத ஒரு மனிதரைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். அவர் ஜேர்மனியின் பிரேமன் நகரில் வாழ்ந்த ஒரு வைத்தியர். பெயர் ஹைன்ரிச் வில்ஹெல்ம் ஓல்பர்ஸ். பகல் முழுவதும் நோயாளரைப் பார்த்தார். இரவில் தன் வீட்டு மேல்மாடியில் நின்று வானத்தைப் பார்த்தார். சூரியனைச் சுற்றும் சிறுகோள்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நான்கில் இரண்டைக் கண்டுபிடித்தவர் இவரே.

இப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்பார்கள். நாம் அதைப் 'பொழுதுபோக்கு' என்று மொழிபெயர்க்கிறோம். அந்த மொழிபெயர்ப்பில் ஓர் அநியாயம் இருக்கிறது. பொழுது போகாதவர் செய்வது பொழுதுபோக்கு. ஓல்பர்ஸிடம் போக்குவதற்குப் பொழுதே இருக்கவில்லை. அமெச்சூர் என்ற சொல்லின் இலத்தீன் வேருக்கு 'அன்பு செய்பவர்' என்று பொருள். ஆகவே 'ஆர்வலர்' என்ற சொல்லையே இன்று பயன்படுத்துவோம்.

ஓல்பர்ஸ் 1758 ஒக்டோபர் 11ஆம் திகதி பிரேமனுக்கு அருகிலுள்ள ஆர்பெர்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் லுத்தரன் திருச்சபைப் போதகர். பதினாறு பிள்ளைகள் பிறந்த வீட்டில் இவர் எட்டாவது. 1777இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மருத்துவம் படித்துக்கொண்டே கணிதப் பேராசிரியரின் விரிவுரைகளுக்கும் போய் உட்கார்ந்தார். எவரும் போகச் சொல்லவில்லை; பரீட்சைக்கும் அது வரப் போவதில்லை.

1779ஆம் ஆண்டு. ஒரு வால்வெள்ளி வானத்தில் தென்பட்டிருந்த காலம். நோயுற்ற சக மாணவன் ஒருவனின் படுக்கையருகே இரவில் துணையிருந்தபோது, வால்வெள்ளியின் பாதையைக் கணிப்பதற்கு ஓர் எளிய வழி இவருக்குப் புலப்பட்டது. நோயாளியின் பக்கத்தில் விழித்திருக்கும் இரவு எவ்வளவு நீளமானது என்பது இங்கிருக்கும் தாதியருக்கும் தாய்மாருக்கும் தெரியும். அந்த நீளமான இரவில் பிறந்த கணித முறை 1797இல் நூலாக வெளிவந்தது. அதற்கு முன் வால்வெள்ளியின் பாதையைக் கணிப்பது பெருஞ் சிரமமான வேலை. ஓல்பர்ஸின் முறை வந்த பின் பல தலைமுறை வானியலாளர்கள் அதையே கையாண்டார்கள்.

1780இல் பட்டம் பெற அவர் எழுதிய ஆய்வும் கவனிக்கத் தக்கது. கண்ணுக்குள் நிகழும் மாற்றங்கள் பற்றியது அது. அருகிலிருப்பதையும் தொலைவிலிருப்பதையும் ஒரே கண் எப்படித் தெளிவாகப் பார்க்கிறது என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். பின்னாளில் கண் நோய்களில் சிறப்புத் தேர்ச்சியுள்ள வைத்தியராகவும் விளங்கினார். அருகையும் தொலைவையும் சேர்த்துப் பார்ப்பது அவருக்கு ஆய்வுப் பொருளாகவும் இருந்தது, வாழ்க்கையாகவும் அமைந்தது.

வியன்னாவில் சில காலம் வைத்தியசாலை அனுபவம் பெற்றபின் 1781 இறுதியில் பிரேமனுக்குத் திரும்பித் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்த நகரின் வைத்தியர் அவர். பெரியம்மை பிள்ளைகளைக் கொன்று குவித்த காலம் அது. பிரேமனில் அம்மைப்பால் குத்துவதை வலியுறுத்திப் பரப்பியவர்களில் ஓல்பர்ஸ் முன்னணியில் நின்றார். தடுப்பூசிக்குத் தயங்கும் பெற்றோரிடம் இன்று நாம் பேசும் அதே பேச்சை, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவர் பேசியிருக்கிறார்.

இனி வானத்துக்கு வருவோம். அக்காலத்தில் வானியலாளர்களை ஓர் இடைவெளி உறுத்திக்கொண்டிருந்தது. சூரியனிலிருந்து கோள்கள் இருக்கும் தூரங்களில் ஓர் ஒழுங்கு இருப்பதாக டீட்டியஸ், போடே என்ற இருவர் எடுத்துக்காட்டினார்கள். பிள்ளைகளே, நீங்கள் இதை மனக்கணக்காகவே செய்யலாம். 0, 3, 6, 12, 24, 48, 96 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றோடும் 4ஐக் கூட்டுங்கள். 4, 7, 10, 16, 28, 52, 100 என்று வரும். பூமியின் தூரத்தை 10 என்று வைத்துக்கொண்டால், புதன் 4, வெள்ளி 7, செவ்வாய் 16, வியாழன் 52, சனி 100 என்று கிட்டத்தட்டப் பொருந்தும். 1781இல் வில்லியம் ஹேர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். வரிசையில் அடுத்த எண் 196. யுரேனஸின் தூரம் 192. இதனால் அந்த வரிசையின் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் 28க்கு எதிரே ஒன்றுமில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் ஒரு கோள் இருக்க வேண்டும். அதைக் காணவில்லை.

1800 செப்டெம்பரில் பிரேமனுக்கு அருகிலுள்ள லிலியந்தாலில் ஆறு பேர் கூடினார்கள். அந்த ஊரின் நீதி நிர்வாகியும் பெரிய தொலைகாட்டிகளின் சொந்தக்காரருமான ஷ்ரோட்டர், அவருடைய உதவியாளர் ஹார்டிங், ஃபொன் சாக், ஓல்பர்ஸ் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். சூரியன் செல்லும் இராசி மண்டலத்தை 24 பங்காகப் பிரித்து, ஐரோப்பாவெங்கும் உள்ள 24 பேருக்குப் பகிர்ந்து கொடுத்து, காணாமற்போன கோளைத் தேடுவதென்று முடிவு செய்தார்கள். 'வானத்துப் பொலிஸார்' என்று இவர்களை வேடிக்கையாக அழைப்பதுண்டு. சங்கம் அமைத்து, வேலையைப் பங்கிட்டு, கடிதம் எழுதி ஒருவரையொருவர் விடாமல் நெருக்கும் வித்தை எங்கள் பழைய மாணவியர் சங்கத்துக்கும் நன்றாகத் தெரிந்ததே.

ஆனால் கோள் முதலில் அகப்பட்டது வேறொருவரிடம். இத்தாலியின் பலேர்மோ நகரில், நட்சத்திர அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்த பியாஸ்ஸி என்ற துறவி, இந்தக் குழுவின் அழைப்பு கிடைக்கும் முன்னரே, 1801 ஜனவரி முதலாம் திகதி, ஒரு சிறு ஒளிப்புள்ளி நாளுக்கு நாள் இடம் மாறுவதைக் கண்டார். பெப்ரவரி 11 வரை அதைக் கவனித்தார். பின் நோயுற்றார். அதற்குள் அந்தப் புள்ளி சூரிய ஒளிக்குள் மறைந்துவிட்டது. சீரிஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருள் மறுபடி எங்கே வெளிப்படும் என்று எவருக்கும் தெரியவில்லை. கையில் இருந்ததோ பாதையின் ஒரு சிறு துண்டு மட்டுமே. அந்தத் துண்டை வைத்து முழுப் பாதையையும் கணித்துக் காட்டினார் 24 வயதான காவுஸ். அவருடைய கணிப்பின்படி தேடி, 1801 டிசெம்பர் கடைசி நாளில் ஃபொன் சாக்கும், மறுநாள் ஓல்பர்ஸும் சீரிஸை மீண்டும் கண்டார்கள். தொலைந்ததைத் தேடிப் பிடித்த இருவரில் ஒருவர், காலையில் எழுந்து நோயாளர் வீடுகளுக்குப் போக வேண்டியவர்.

சீரிஸைத் தேடிய நாட்களில் கன்னி இராசிப் பக்கத்து நட்சத்திரங்கள் ஓல்பர்ஸுக்கு அத்துப்படியாகிவிட்டன. எங்கள் சித்திரை நட்சத்திரம் இருக்கும் இராசி அது. 1802 மார்ச் 28ஆம் திகதி இரவு சீரிஸைப் பார்ப்பதற்காக அந்தப் பக்கம் தொலைகாட்டியைத் திருப்பியபோது, தனக்குத் தெரிந்த நட்சத்திரங்களுக்கிடையே தெரியாத ஒன்று நிற்பதைக் கண்டார். ஜனவரியில் அந்த இடத்தில் அது இருக்கவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார். அது நகர்ந்திருந்தது. அதுவே பல்லாஸ், இரண்டாவது சிறுகோள்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். ஓல்பர்ஸின் தொலைகாட்டி அக்காலத்தில் மிகப் பெரிய ஒன்றல்ல. ஹேர்ஷலிடமும் ஷ்ரோட்டரிடமும் அதைவிடப் பெரியவை இருந்தன. பல்லாஸைக் கண்டுபிடிக்க அவருக்கு உதவியது, அந்த இடம் வழக்கமாக எப்படி இருக்கும் என்ற அறிவுதான். வாட்டில் நோயாளரைப் பார்க்கும்போதும் இதுவே நடக்கிறது. நேற்றைய முகம் தெரிந்தவருக்கே இன்றைய முகத்தில் உள்ள மாற்றம் தெரியும். வகுப்பறையிலும் அப்படித்தான். பெயர் கூப்பிடும்போது ஒரு பிள்ளையின் குரலில் இருக்கும் வித்தியாசத்தைப் பிடித்து, இடைவேளையில் தனியே அழைத்து, "சாப்பிட்டனியோ?" என்று கேட்ட ரீச்சர்மாரை எமக்கெல்லாம் தெரியும்.

பல்லாஸ் வந்ததும் புதுச் சிக்கல் எழுந்தது. ஒரு கோள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டும் மிகச் சிறியவை. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், அதாவது 4.6 ஆண்டுகளில், சூரியனைச் சுற்றின. பல்லாஸின் பாதையோ ஏறத்தாழ 35 பாகை சாய்ந்து கிடந்தது. இவற்றைக் கோள்கள் என்று சொல்ல மனமின்றி, 'நட்சத்திரம் போன்றவை' என்று பொருள்படும் பெயரை ஹேர்ஷல் சூட்டினார். தமிழில் நாம் சிறுகோள் என்கிறோம்.

ஓல்பர்ஸ் ஒரு கருத்தை முன்வைத்தார். முன்னொரு காலத்தில் அங்கே ஒரு பெரிய கோள் இருந்து, அது வெடித்துச் சிதறியிருக்கலாம். சீரிஸும் பல்லாஸும் அதன் துண்டுகளாக இருக்கலாம் என்றார். அப்படியானால் இன்னும் துண்டுகள் இருக்க வேண்டும். எல்லாத் துண்டுகளும் வெடிப்பு நிகழ்ந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கடந்து செல்ல வேண்டும். வானத்தில் அதற்குரிய இரண்டு பகுதிகளையும் அவர் குறித்தார். ஒன்று கன்னி. மற்றையது அதற்கு எதிர்ப்புறத்தில் உள்ள திமிங்கிலக் கூட்டம். 1804 செப்டெம்பர் முதலாம் திகதி, அந்த எதிர்ப்புறத்துக்கு அண்மையில், லிலியந்தாலிலிருந்து ஹார்டிங் ஜூனோவைக் கண்டுபிடித்தார். ஓல்பர்ஸ் ஆண்டுக்கு ஆண்டு இவ்விரு பகுதிகளையும் சளைக்காமல் பார்த்துவந்தார். 1807 மார்ச் 29ஆம் திகதி, கன்னியில் நான்காவது சிறுகோள் அவர் கண்ணில் பட்டது. சிறுகோள்களில் மிகப் பிரகாசமானது அதுவே. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கும் சில வேளைகளில் தெரியும். பெயரிடும் உரிமையைத் தான் வைத்துக்கொள்ளாமல் காவுஸுக்குக் கொடுத்தார். காவுஸ் வெஸ்டா என்று பெயரிட்டார்.

இனி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஓல்பர்ஸின் வெடித்த கோள் கதை பிழையானது. இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்களை அறிவோம். அந்தப் பட்டையில் உள்ள அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் எமது சந்திரனின் திணிவில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. அங்கே ஒரு கோள் இருந்து உடையவில்லை. வியாழனின் ஈர்ப்பு குழப்பியதால் அங்கே ஒரு கோள் உருவாகவே முடியாமற் போனது. டீட்டியஸ், போடே வரிசையும் பின்னர் நெப்டியூன் விடயத்தில் பொய்த்துவிட்டது. பிழையான ஒரு கருத்தைப் பின்பற்றித்தான் ஓல்பர்ஸ் வெஸ்டாவைக் கண்டார்.

வைத்தியர்களாகிய எமக்கு இது புதிதல்ல. நோயாளி வந்ததும் ஒரு தற்காலிக நோய் நிர்ணயத்தை எழுதுகிறோம். அது சரியென்று சத்தியம் செய்வதற்காக எழுதுவதில்லை. அடுத்து எங்கே பார்க்க வேண்டும், எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அது வழிகாட்டும். இன்ன இடத்தில் இன்னது தெரிய வேண்டும் என்று துணிந்து சொல்லும் கருத்து, பிழையென்று முடிந்தாலும் எம்மை ஓரிடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. ஒன்றுமே சொல்லாமல் நழுவும் கருத்தால் எவருக்கும் பயனில்லை. பிள்ளைகளே, வகுப்பில் கை உயர்த்தத் தயங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெஸ்டாவுக்கும் சீரிஸுக்கும் அண்மைக் காலத்தில் விண்கலம் போய்வந்த செய்தியையும் சொல்லிவிடுவோம். விடியல் என்று பொருள்படும் டோன் விண்கலம் 2011இல் வெஸ்டாவை அடைந்து ஓராண்டுக்கு மேல் சுற்றியது; 2015இல் சீரிஸை அடைந்தது. ஓல்பர்ஸின் தொலைகாட்டியில் ஒரு புள்ளியாகத் தெரிந்த வெஸ்டா, ஏறக்குறைய 525 கிலோமீற்றர் விட்டமுள்ள ஓர் உலகம். அதன் தென்புறத்தில் கிட்டத்தட்ட 500 கிலோமீற்றர் அகலமான ஒரு பள்ளம். பெரும் மோதல் ஒன்றின் வடு அது. அப்படிச் சிதறிய துண்டுகள் விண்கற்களாகப் பூமியிலும் விழுந்திருக்கின்றன. துண்டுகள் சிதறின என்றவரையில் அந்த வைத்தியரின் எண்ணத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கத்தான் செய்தது.

வெஸ்டாவுக்குப் பின் 38 ஆண்டுகள் எந்தச் சிறுகோளும் அகப்படவில்லை. இருக்கின்றவை நான்குதான் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. ஐந்தாவதை 1845 டிசெம்பரில் கண்டுபிடித்தவர் ஹென்கே. அவர் ஒரு சிற்றூர்த் தபால் நிலைய உத்தியோகத்தர். பதினைந்து ஆண்டுகள் தனியாகத் தேடினார். அதன் பின்னரே மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்து, கண்டுபிடிப்புகள் வரிசையாக வந்தன.

இப்போது, இந்த உரையில் எமக்கு மிக முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறோம். 1804 யூலையில் பிரேமன் தெருவில் ஓர் இளைஞன் ஓல்பர்ஸை அணுகினான். பெயர் பெசல். வயது இருபது. ஓர் ஏற்றுமதி இறக்குமதி வர்த்தக நிறுவனத்தில் தொழில் பழகும் எழுதுவினைஞன். பல்கலைக்கழகம் பார்த்ததில்லை. கப்பலில் வேலைக்குப் போகும் நோக்கத்துடன் கடற்பயணக் கணிதம் படிக்கத் தொடங்கி, அதன் வழியே வானியலுக்குள் நுழைந்தவன். 1607ஆம் ஆண்டுப் பதிவுகளை வைத்து ஹலி வால்வெள்ளியின் பாதையைக் கணித்து ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தான். அதைப் பார்த்துத் தரும்படி கேட்டான்.

ஓல்பர்ஸ் அப்போது 45 வயதைக் கடந்தவர், பேர்பெற்ற வைத்தியர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோளைக் கண்டுபிடித்து ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டவர். கையில் நேரமில்லை. "பிறகு பார்ப்போம் தம்பி" என்று சொல்லியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்தத் தாள்களை வாங்கினார், வாசித்தார். அது தேர்ந்த அறிஞர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை என்பதைக் கண்டுகொண்டார். புத்தகங்கள் கொடுத்தார். கட்டுரையை வெளியிட வழிசெய்தார். 1806இல் பெசலுக்கு லிலியந்தால் வானிலையகத்தில் வேலை கிடைத்தது. பிற்காலத்தில், 1838இல், ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை நம்பத்தகுந்த விதமாக முதலில் அளந்தறிவித்தவர் அதே பெசல். வானியலுக்குத் தான் செய்த மிகப் பெரிய சேவை பெசலைக் கண்டெடுத்தது என்று ஓல்பர்ஸ் சொல்வாராம். இரண்டு சிறுகோள்களைக் கண்டவர், வால்வெள்ளிக் கணிதத்தை இலகுவாக்கியவர், தன் கணக்கில் முதல் வரியாக எழுதியது ஒரு பிள்ளையின் தாள்களை வாசித்ததை.

நெப்போலியனின் காலத்தில் பிரேமன் பிரெஞ்சுப் பேரரசுடன் இணைக்கப்பட்டது. ஓல்பர்ஸ் பாரிஸ் சட்டசபையில் நகரின் பிரதிநிதியாக இருக்க நேர்ந்தது. 1813 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை லிலியந்தாலை எரித்தது. ஷ்ரோட்டரின் வீட்டிலிருந்த பதிவுகளும் நூல்களும் சாம்பலாயின, வானிலையகம் சூறையாடப்பட்டது. நூல்கள் எரிவது என்றால் என்னவென்று இந்த ஊரில் எவரும் எமக்கு விளக்கத் தேவையில்லை. ஓல்பர்ஸின் சொந்த நூலகம் அவருடைய மறைவுக்குப் பின் ரஷ்யாவின் புல்கோவோ வானிலையகத்துக்குச் சென்று பலருக்குப் பயன்பட்டது.

1823இல் ஓல்பர்ஸ் ஒரு கேள்வியை ஆராய்ந்தார். இன்று அவர் பெயர் பெரும்பாலும் அந்தக் கேள்வியால்தான் நினைக்கப்படுகிறது: இரவு ஏன் இருட்டாக இருக்கிறது? சின்னப் பிள்ளையின் கேள்வி போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரிய பனங்கூடல் ஒன்றின் நடுவே நிற்கிறோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் கிட்டவோ தூரவோ ஒரு பனையில்தான் கண் முட்டும். அண்டம் எல்லையில்லாததாய், எங்கும் நட்சத்திரம் நிறைந்ததாய், என்றென்றும் இப்படியே இருந்துவருவதாய் இருந்தால், வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நட்சத்திரத்தில்தானே கண் முட்ட வேண்டும்? இரவு வானம் முழுவதும் சூரியனைப் போலக் கொதிக்க வேண்டுமே! கெப்ளரும் ஹலியும் இதை அவருக்கு முன் தொட்டிருந்தார்கள். இடையிலுள்ள ஏதோ ஒரு பொருள் ஒளியை உறிஞ்சுகிறது என்று ஓல்பர்ஸ் விடை சொன்னார். அந்த விடை நிற்கவில்லை. உறிஞ்சும் பொருளும் காலப்போக்கில் சூடாகி ஒளிரத் தொடங்கிவிடும். அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, அதற்கு வயது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள், அதற்கு அப்பால் உள்ளவற்றின் ஒளி எம்மை வந்தடையக் காலம் போதவில்லை என்பதே இன்றைய விடையின் சாரம். அண்டம் விரிந்துகொண்டிருப்பதும் அதற்குத் துணைக் காரணம்.

90களில் இந்தப் பாடசாலையில் படித்த எமக்கு இருட்டு நன்கு பழக்கம். ஊரில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி போட்டு, அளந்து விட்ட மண்ணெண்ணெயில் படித்தோம். பகலில் நாம் வானத்தை அண்ணாந்து பார்த்தது பெரும்பாலும் விமானச் சத்தம் கேட்டு. இரவில் வானத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் தோன்றினால் அது பரா வெளிச்சம். அதற்கு மேலே, ஒருவரும் பார்க்காமல், பால்வீதி முழுவதுமாகத் தெரிந்துகொண்டிருந்தது. வெஸ்டா வெறுங்கண்ணுக்கு அகப்படக்கூடிய வானம் அது. எமக்குச் சொல்லித்தர எவரிடமும் நேரமோ நிம்மதியோ இருக்கவில்லை. அதில் எவர் மீதும் குறையில்லை. இன்று நேரமும் நிம்மதியும் ஓரளவு இருக்கின்றன. வானம் மட்டும் மின்விளக்குகளில் மங்கிவிட்டது.

பெண்கள் பாடசாலையில் நின்றுகொண்டு ஒரு கேள்வியைக் கேட்காமல் போக முடியாது. இவர் மேல்மாடியில் நின்றபோது கீழ்மாடியை யார் பார்த்தார்கள்? ஓல்பர்ஸ் 1785இல் டொரத்தேயாவை மணந்தார். அடுத்த ஆண்டே அவர் பெண் குழந்தையைப் பெற்றெடுத்துவிட்டு இறந்துபோனார். வைத்தியரின் மனைவிக்கும் பிரசவம் உயிராபத்தாக இருந்த காலம். பின்னர் அன்னா அடெல்ஹைட் என்ற பெண்ணை மணந்தார். அந்தக் குடும்பத்தைப் பேணிய பெண்களைப் பற்றி நூல்கள் இரண்டு மூன்று வரிகளோடு நின்றுவிடுகின்றன. அதே காலத்தில் கரோலின் ஹேர்ஷல், அண்ணன் வில்லியத்தின் வீட்டையும் தொலைகாட்டிப் பணியையும் ஒருசேரச் சுமந்தபடி, 1786 முதல் 1797 வரை எட்டு வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தார். 1787 முதல் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் அரச சம்பளமும் கிடைத்தது. வீட்டையும் சுமந்து வானத்தையும் பார்ப்பது முடியாததல்ல என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் வீட்டுச் சுமையைப் பகிர்ந்தால் எத்தனை கரோலின்கள் வந்திருப்பார்கள் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

ஓல்பர்ஸ் நாளுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் உறங்கமாட்டார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருப்பார்கள். வைத்தியர்களாக நாம் இதைக் கண்டிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பிள்ளைகளே, அதை மட்டும் பின்பற்ற வேண்டாம். சோதினைக் காலத்திலும் ஏழு எட்டு மணித்தியாலம் தூங்குங்கள்.

1818இல் மகளையும் 1820இல் இரண்டாவது மனைவியையும் இழந்தபின் ஓல்பர்ஸ் வைத்தியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். வானத்தை விடவில்லை. 1840 மார்ச் 2ஆம் திகதி 81ஆவது வயதில் மறைந்தார். ஆயிரத்து இரண்டாவது சிறுகோளுக்கும் சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் இடப்பட்டிருக்கிறது. பிரேமனில் அவருக்குச் சிலையும் உண்டு.

அன்பான பழைய மாணவிகளே, இந்தக் கதையை ஏன் இங்கே கொண்டுவந்தோம் என்று சொல்லி முடிக்கிறோம்.

பாடத்துக்கு வெளியே ஒன்றில் ஒரு பிள்ளை ஆசை வைத்தால், எம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "உதாலை என்ன பிரயோசனம்? சோதினைக்கு வருமே?" என்பது. நல்லெண்ணத்தில்தான் கேட்கிறோம். எல்லாம் இழந்த காலத்தில் படிப்பு ஒன்றே எம்மைக் காப்பாற்றியது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வியால் இரண்டு நட்டங்கள். உயர்தரத்தில் இசற் புள்ளி போதாமற்போன பிள்ளை, அறிவுலகின் கதவு தனக்கு மூடிவிட்டது என்று நம்பிவிடுகிறாள். பெசல் எழுதுவினைஞன், ஹென்கே தபால் உத்தியோகத்தர் என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். புள்ளி போதுமாக இருந்து வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வந்தவள், மிச்சம் அனைத்தையும் பரணில் போட்டுவிடுகிறாள். எம் வீட்டுப் பரண்களில் எத்தனை வீணைகள், எத்தனை வர்ணப் பெட்டிகள், எத்தனை கணிதக் கொப்பிகள்! ரொறன்ரோவில் இரவுக் கடமை செய்பவளும் லண்டனில் கணக்குப் பார்ப்பவளும் ஊரிலேயே பிள்ளைகளை வளர்ப்பவளும், வாரத்தில் இரண்டு மணித்தியாலமாவது தான் விட்ட இடத்திலிருந்து அதைத் தொடங்கலாம். பிரயோசனத்தைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது, பாடசாலைக்கு. கட்டடங்களுக்குப் பணம் தந்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. இனி நேரமும் தாருங்கள். இன்று சிறுகோள் தேட மேல்மாடியோ பெருந் தொலைகாட்டியோ அவசியமில்லை. சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற திட்டம், பெரிய தொலைகாட்டிகள் எடுத்த படங்களைப் பாடசாலைகளுக்கு இலவசமாக அனுப்புகிறது. ஒரு கணினியும் இணைய வசதியும் போதும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் நகரும் புள்ளியைப் பிள்ளைகள் தேட வேண்டும். ஓல்பர்ஸ் செய்த அதே வேலைதான். இதற்கான குழு ஒன்றை எம் பாடசாலையில் தொடங்க வேண்டும் என்பது எமது விண்ணப்பம். அதற்குக் கணினியைவிட அவசியமானது, பிள்ளைகளோடு கூட இருந்து பார்க்க ஓர் அக்கா. வெளிநாட்டிலிருந்தபடியே திரையில் வந்து இருக்கலாம்.

மூன்றாவது, ஒரு பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்குங்கள். கவிதையாக இருக்கலாம், கணக்காக இருக்கலாம், ஒரு யோசனையாக இருக்கலாம். இன்று அது தெருவில் வராது. தொலைபேசியில் செய்தியாக வரும், பெரும்பாலும் நாம் களைத்திருக்கும் நேரத்தில் வரும். வாசித்துவிட்டுப் பதில் போடுங்கள். எம்மில் பலர் இன்று இந்த நிலையில் இருப்பது, எவரோ ஒருவர் எமது தாளை வாங்கி வாசித்ததால். அவர்களில் சிலர் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள்.

1815இல் ஓல்பர்ஸ் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அது சூரியனை நெருங்கி வருகிறது. 1887இலும் 1956இலும் வந்தது. 2024 யூன் மாத இறுதியில் மீண்டும் வந்து போனது. அடுத்த முறை 2090களில் வரும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது ஏறக்குறைய எண்பது வயது. பிள்ளைகளே, உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், உரிய நேரத்துக்குத் தடுப்பூசி போடுங்கள், நன்றாகத் தூங்குங்கள். அந்த வால்வெள்ளியை எமக்காகவும் சேர்த்துப் பாருங்கள்.